வசனப் பெட்டி வைத்திருந்த பெரியம்மா

பெரியம்மா சொந்தமாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. எதைச் சொன்னாலும் கடைசியில் "நானா சொல்லுதேன்? வேதம் சொல்லுது" என்று சேர்த்துவிடுவாள். குழம்பில் உப்பு கூடிப்போனால், சாரம் இழந்த உப்பைப் பற்றி இயேசு சொன்னதைத் தொட்டுவிட்டுத்தான் குழம்புக்கு வருவாள். பக்கத்து வீட்டுக்காரன் வேப்பமரத்தை வெட்டப் போனபோது, முற்றுகை போடும்போதுகூடக் கனிதரும் மரத்தை வெட்டக் கூடாது என்று மோசேயின் சட்டத்திலிருந்து எடுத்துச் சொன்னாள். வேப்பமரம் எப்போது கனிதரும் மரமானது என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. மரம் பிழைத்தது.

பெரியம்மா என்பது எங்கள் பாளையங்கோட்டைத் தெரு முழுக்கக் கூப்பிட்ட பெயர். ரத்த உறவு ஒன்றும் கிடையாது. அவள் கணவர் உபதேசியாராக இருந்தவர். கோயிலில் குருவானவர் இல்லாத நாட்களில் ஜெபம் நடத்துகிறவர். அவர் இறந்த பிறகு அந்த அதிகாரத்தை யாரும் கொடுக்காமலேயே அவள் எடுத்துக்கொண்டாள். பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு இடுப்புயரச் சுவர். அந்தச் சுவருக்கு மேலாகத்தான் நான் வளர்ந்தேன் என்று சொல்லலாம்.

வாசலில் மீன் வாங்குவது ஒரு தனிக் கூத்து. தூத்துக்குடிப் பக்கமிருந்து கூடை கொண்டுவரும் மீன்காரம்மாள் தராசைத் தூக்கியதும், கள்ளத் தராசைக் கடவுள் எப்படி வெறுக்கிறார் என்று பெரியம்மா ஆரம்பிப்பாள். மீன்காரம்மாள் அசரமாட்டாள். "எம்மா, உங்க கர்த்தருக்குன்னு ரெண்டு சாளை கூடப் போடுதேன். அவரு என்கிட்ட வந்து இப்படிப் பேரம் பேசமாட்டாரு" என்பாள். பெரியம்மா அந்த இரண்டு சாளையையும் எடுத்துக்கொள்வாள். வேதம் ஜெயித்த முகத்தோடு உள்ளே போவாள்.

சிரிக்கும்படியாக மட்டும் அவள் இருக்கவில்லை. மாஞ்சோலை எஸ்டேட்டை விட்டு இறங்கிய குடும்பங்களில் ஒன்று எங்கள் தெருவில் வீடு கேட்டு வந்தது. கணவன், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். பூட்டிக் கிடந்த வீட்டின் சொந்தக்காரர், கோயில் கமிட்டியில் இருப்பவர், சாவியைக் கையில் வைத்துக்கொண்டே இழுத்தடித்தார். மலையில் தேயிலை பறித்தவர்களுக்கு இங்கே என்ன வேலை கிடைக்கும், நாளைக்கு எப்படி வாடகை தருவார்கள் என்பது அவர் கணக்கு. பெரியம்மா வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேராக அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, ஊரு விட்டு ஊரு வந்தவனுக்குக் கதவ அடைக்கிறவனப் பத்தி இதுல என்ன எழுதியிருக்குன்னு இங்கனயே நின்னு வாசிக்கட்டா? இல்ல சாவியக் குடுக்கேளா?"

தெரு பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி சாவியைக் கொடுத்தார். அன்று சாயங்காலமே அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. அப்போது அவளைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. அவளை வெறும் வேஷக்காரி என்று தள்ளிவிட முடிந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருக்கும்.

இனி வசனப் பெட்டிக்கு வருகிறேன். ரொட்டி வடிவத்தில் வெண்ணெய் நிறப் பிளாஸ்டிக் பெட்டி அது. எங்கள் ஆட்கள் பல வீடுகளில் அதை வைத்திருப்பார்கள். உள்ளே வெற்றிலையின் பாதி அகலத்தில் வண்ண வண்ண அட்டைகள் நெருக்கமாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். காலையில் ஜெபம் முடிந்ததும் கண்ணை மூடி ஒன்றை எடுத்தால், அது அன்றைக்குக் கடவுள் நமக்குச் சொல்லும் வார்த்தை. மற்ற வீடுகளில் அதோடு சரி. பெரியம்மா வீட்டுப் பெட்டி மட்டும் தெருவுக்கே நீதிமன்றம் மாதிரி ஆகிவிட்டது. பெண் பார்க்கப் போகலாமா, ஆப்பரேஷனுக்குச் சம்மதிக்கலாமா, அண்ணன் தம்பி பாகம் பிரிக்கலாமா என்று எல்லாவற்றுக்கும் அங்கேதான் வருவார்கள்.

அதற்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். விஷயத்தை முதலில் அவளிடம் முழுக்கச் சொல்லிவிட வேண்டும். பிறகு மூன்று நாள் வீட்டில் ஜெபம் பண்ண வேண்டும். மூன்றாம் நாள் காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல் வந்து முழங்கால் போட வேண்டும். அவள் பெட்டியை நீட்டுவாள். எடுத்த அட்டையை நாம் பார்க்கக் கூடாது, அவள்தான் வாசிப்பாள். வாசித்து, விளக்கம் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அதற்குப் பிறகு மறுபேச்சு கிடையாது.

தையல்கடைக்காரர் மகன் செல்வின் கல்லிடைக்குறிச்சியில் ஒரு பெண்ணை விரும்பினான். அப்பளம் போடுகிற வீட்டுப் பெண், இந்து. அவளும் இவனுக்காக எதற்கும் துணிந்திருந்தாள். பெரியம்மா சொன்னால் அப்பா சம்மதிப்பார் என்று நம்பி வந்தான். அவன் அட்டை எடுத்தபோது நானும் அங்கே இருந்தேன். உலகத்திலிருந்து பிரிந்து வா என்கிற பொருளில் வந்தது. பெரியம்மா அதை வாசித்தாள். அவன் முகம் செத்துப்போனது. "கர்த்தரே சொல்லிட்டாரு, இனி நான் என்ன பேச?" என்று எழுந்து போனான். அவனுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. தையல்கடையில் தனியாக உட்கார்ந்து பள்ளிச் சீருடை தைக்கிறான்.

நான் நர்ஸ். படிக்கிற காலத்திலிருந்தே தினமும் காலையில் சுவரைத் தாண்டிப் போய்ப் பெரியம்மாவுக்கு இன்சுலின் ஊசி போடுவேன். சர்க்கரை அவளுக்கு அந்தக் காலத்திலேயே அதிகம். தானே போட்டுக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தேன். கை நடுங்குகிறது என்றாள். ஆஸ்பத்திரியில் வேறு பெண் போட்டால் வயிறு கன்றிப்போகிறது என்பாள். "ஏட்டி சுகந்தி, உன் கை பட்டா எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல" என்பாள். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

இருபத்தாறு வயதில் எனக்குக் குவைத்தில் வேலை வந்தது. நேர்முகத் தேர்வு முடிந்து, பாஸ்போர்ட் வந்து, மருத்துவப் பரிசோதனையும் முடிந்திருந்தது. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. காசுக்காக மட்டும் ஆசைப்படவில்லை. எனக்கு விமானத்தில் ஏற வேண்டும். நான் யார் வீட்டுப் பிள்ளை, எந்தக் கோயில், ஞாயிற்றுக்கிழமை ஏன் வரவில்லை என்று யாரும் கேட்காத ஊரில் கொஞ்ச நாள் இருக்க வேண்டும். அப்பா அப்போது உயிரோடு இல்லை. அம்மா, "நான் என்னத்தச் சொல்ல? பெரியம்மாட்ட கேட்டுட்டுப் போ" என்றாள்.

எனக்கும் அது சரியென்றே பட்டது. கடவுள் போ என்று சொல்லி அனுப்பினால் பயமில்லாமல் போகலாமே. பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "மூணு நாள் ஜெபம் பண்ணிட்டு வா. நானும் பண்ணுதேன்" என்றாள்.

மூன்றாம் நாள் எடுத்த அட்டை இளம் பச்சை. வேற்று நாட்டுக்குப் போகாதே, இந்தத் தேசத்திலேயே குடியிரு, நான் உன்னோடு இருந்து உன்னை ஆசீர்வதிப்பேன் என்று கடவுள் ஈசாக்குக்குச் சொன்ன இடம். இதைவிடத் தெளிவாக ஒருவருக்கு என்ன வந்துவிட முடியும்? பெரியம்மா வாசித்து முடித்ததும் அழுதாள். நானும் அழுதேன். அவள் சந்தோஷத்தில் அழுகிறாள் என்பது எனக்குத் தெரியாது. கடவுள் பேசியதால் அழுகிறாள் என்று நினைத்தேன். அன்றைக்கும் ஊசி போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

என்னோடு தேர்வானவள் போனாள். நான் வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன், கல்யாணம் ஆனது, அம்மாவுக்குத் துணையாக அதே வீட்டில் குடியிருந்தோம், ஒரு மகன் பிறந்தான். கணவர் நல்லவர். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாலத்தில் பஸ் நெரிசலில் நிற்கும்போது, கீழே தாமிரபரணியைப் பார்த்துக்கொண்டு, போயிருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று நினைப்பேன். உடனே அந்தப் பச்சை அட்டை ஞாபகத்துக்கு வரும். கடவுள் வேண்டாம் என்றார், அதற்கு மேல் என்ன என்று மனதை அடக்கிக்கொள்வேன். பன்னிரண்டு வருஷம் அப்படி அடக்கினேன்.

மாஞ்சோலைக் குடும்பம் வந்த அடுத்த வருஷம் பெரியம்மாவுக்குக் கண் மங்க ஆரம்பித்தது. சர்க்கரை கண்ணைப் பிடித்துவிட்டது. ஆப்பரேஷன் செய்து பார்க்கலாம் என்றார்கள். அதற்கு ஆதார் அட்டை வேண்டும். "பீரோவுல கீழ்த்தட்டுல பிஸ்கட் டப்பா இருக்கும், அதுல பாரு. எனக்கு இப்ப ஒண்ணும் தெரிய மாட்டேங்கு" என்றாள்.

டப்பாவில் ஆதார் அட்டை மேலேயே இருந்தது. அதன் கீழே பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர்கள் நான்கைந்து, ரப்பர் பேண்ட் போட்டு இருந்தன. மேல் கவரில் உபதேசியார் வீட்டுக்கே உரிய சுத்தமான கையெழுத்தில் "செல்வின்" என்று எழுதியிருந்தது. அதன் கீழ்க் கவரில் "சுகந்தி". என் பெயர் எழுதிய கவரைப் பிரிக்க நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. உள்ளே வசனப் பெட்டி அட்டைகள் பதினொன்று இருந்தன.

ஒவ்வொன்றாக வாசித்தேன். உன் தேசத்தையும் இனத்தையும் விட்டுப் புறப்படு என்று ஆபிரகாமுக்குச் சொன்னது. நீ போகும் இடமெல்லாம் நான் கூட வருவேன் என்றது. பயப்படாமல் போ என்றது. திறந்த வாசலை முன்னால் வைத்திருக்கிறேன் என்றது. பதினொன்றும் போ என்றுதான் சொன்னன. செல்வின் கவரில் இருந்தவை அன்பைப் பற்றியவை. அதற்குமேல் மற்றக் கவர்களைப் பிரிக்க எனக்குத் தெம்பில்லை.

அந்த மூன்று நாள் ஜெபம் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. நாங்கள் ஜெபம் பண்ணினோம். அவள் அட்டை பொறுக்கினாள்.

செல்வின் கவரையும் என் கவரையும் எடுத்துக்கொண்டு டப்பாவை மூடிவிட்டு வந்தேன். ஊசி போடும் நேரம். போட்டேன். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, ஆபிரகாமின் அட்டையை அவள் காதருகில் வாசித்தேன். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. பார்வை இல்லாத கண்ணைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஏன் பெரியம்மா?"

"பெட்டியில இருந்தது அத்தனையும் வேதந்தானட்டி? ஒண்ணாவது நான் எழுதிப் போட்டேனா?"

"எடுத்துட்டேளே."

"எடுத்தேன். ஆனா நீ எடுத்த அட்டை பொய்யா? ஈசாக்குக்குச் சொன்னது பொய்யா?"

"செல்வினுக்கு?"

"அது அவன் நல்லதுக்கு. வேத்து மதத்துல கெட்டி, நாளைக்குப் பிள்ளைய எந்தக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவான்?"

"எனக்கு?"

அவள் விலகியிருந்த முந்தானையை வயிற்றின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு முதல் தடவையாக, வேதத்தைத் துணைக்குக் கூப்பிடாமல் பேசினாள். "நீ போயிட்டா எனக்கு யாருட்டி ஊசி போடுவா?"

நான் கத்தவில்லை. கத்தியிருக்க வேண்டும். போகாதே என்று அவள் வாயைத் திறந்து கேட்டிருந்தால், ஒருவேளை அவளுக்காகவே நின்றிருப்பேன். அப்படி நின்றிருந்தால் அது என் முடிவு. அவள் கேட்கவில்லை. கடவுள் வாயில் தன் வார்த்தையை வைத்தாள். நான் இழந்தது குவைத்தை மட்டும் அல்ல. எல்லா அட்டையும் பெட்டிக்குள் இருந்திருந்தாலும் அந்தப் பச்சை அட்டையையே நான் எடுத்திருக்கலாம். அன்றைக்குப் பேசியது கடவுளா, பெரியம்மாவா என்று இனி எந்தக் காலத்திலும் எனக்குத் தெரியாது. அதைத்தான் அவள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள்.

என்மேலும் கோபம் வந்தது. முழு வேதப்புத்தகம் எங்கள் வீட்டு மேஜையில் சரிகை உறை போட்டு இருந்தது. திறந்து பார்த்திருந்தால், தகப்பன் ஆபிரகாமுக்குப் போ என்றும் மகன் ஈசாக்குக்குப் போகாதே என்றும் கொஞ்சம் தாள் இடைவெளியில் இரண்டும் எழுதியிருப்பது தெரிந்திருக்கும். மகனுக்குச் சொன்னது ஒரு பஞ்ச காலத்தில், அவனுடைய ஊரில், அவனுக்கு. நான் புத்தகத்தை நம்பினேன் என்று சொல்லிக்கொண்டு, அதைத் திறக்காமல், இரண்டு வரி அட்டையை நீட்டிய கையை நம்பியிருக்கிறேன். செல்வினிடம் அவன் கவரைக் கொடுக்க மூன்று முறை தையல்கடை வரைக்கும் போனேன். மூன்று முறையும் பையனுக்கு டிரவுசர் அளவு கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

கண் ஆப்பரேஷன் பலிக்கவில்லை. பிறகு சிறுநீரகமும் போனது. பெரியம்மா படுக்கையில் விழுந்தாள். நான் ஊசிக்குப் போவதை நிறுத்தவில்லை. அது என் தொழில். ஒருநாள், "கண்ணு தெரியல. காலையில ஒரு அதிகாரம் வாசிச்சிட்டுப் போறியா?" என்று கேட்டாள். சரி என்றேன். "அந்த இளைய மகன் சொத்தையெல்லாம் அழிச்சிட்டுத் திரும்பி வருவானே, அப்பன் ஓடிப்போய்க் கட்டிப் பிடிப்பானே, அத வாசி" என்றாள்.

அவள் ஏன் அதைக் கேட்கிறாள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். மன்னிப்பு வேண்டும் என்று என்னிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அதையும் வேதத்திலிருந்தே வாங்கிக்கொள்ளப் பார்க்கிறாள்.

"இனிமே பொறுக்கி வாசிக்கது கிடையாது பெரியம்மா. முதல்ல இருந்து வரிசையா வாசிப்போம்" என்றேன்.

படைப்பிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம். மறுநாளும் அதையே கேட்டாள். "வரும்" என்றேன். அதற்கடுத்த நாளும் கேட்டாள். "வரும்" என்றேன். யாருக்கு யார் பிறந்தான் என்கிற பெயர்ப் பட்டியலையெல்லாம் ஒன்று விடாமல் வாசித்தேன். அவள் சொன்ன பகுதிக்கு அந்த வேகத்தில் வந்துசேர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். அவளுக்கு இரண்டு மாதம்கூட இல்லை என்று ஆஸ்பத்திரி அறிக்கை என் கைப்பையில் இருந்தது. ஓய்வுநாள் பள்ளியில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு வேதாகமத்தில் எந்தப் புத்தகத்துக்குப் பின் எது வரும் என்கிற வரிசையைப் பாட்டாகச் சொல்லிக்கொடுத்தவள் அவள். ஒருநாள் மெதுவாக, "அதுக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருக்குன்னு எனக்குத் தெரியும்ட்டி" என்றாள். நான் தாளைத் திருப்பினேன். அவள் மறுநாளும் கேட்டாள். கெஞ்சவில்லை, பால் வந்துவிட்டதா என்று கேட்பது மாதிரி ஒரு தரம் கேட்பாள், நான் வரும் என்றதும் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

நாற்பத்திரண்டாவது நாள் காலையில், யாக்கோபு தன் பிள்ளைகளிடம் சாப்பாட்டுக்குத் தானியம் வாங்க எகிப்துக்குப் போகச் சொல்லும் இடத்துக்கு வந்திருந்தோம். மறுநாள் நான் போனபோது ஊசிக்கு வேலை இல்லை.

அடக்கத்துக்குத் தெருவே வந்தது. மாஞ்சோலைக்காரப் பெண் பிள்ளைகள் இரண்டும் தேம்பித் தேம்பி அழுதன. குருவானவர் எங்கள் கோயிலுக்குப் புதியவர். வீட்டு ஜெபத்துக்கு முன் என்னை அருகில் கூப்பிட்டார்.

"நீங்கதான் அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் வேதம் வாசிச்சீங்கன்னு சொன்னாங்க. எந்தப் பகுதிய விரும்பிக் கேட்டாங்க?"

"இளைய மகன் திரும்பி வர்ற பகுதி, ஐயா."

"வாசிச்சீங்களா?"

கூடியிருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். செல்வின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"தினமும் வாசிச்சேன், ஐயா."

"அப்ப பெரியம்மா சமாதானமாத்தான் போயிருக்காவ, சுகந்தி" என்று செல்வின் கண்ணைத் துடைத்தான். யாரோ ஸ்தோத்திரம் என்றார்கள். ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. குருவானவர் அந்தப் பக்கத்தைத் திறந்து, அவள் உடல் அருகில் நின்று உரக்க வாசித்தார். நாற்பது நாளுக்கு மேல் அவள் கேட்டது அது. வாசித்து முடிக்க அவருக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.